நூற்றுப் பன்னிரண்டு மணித்தியாலங்கள்

(உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி)

நம் வீடுகளில் பெண்கள் செய்யும் கைவேலையை யாரும் வேலை என்று சொல்வதில்லை. "சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ செய்கிறா" என்பார்கள். நான் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்திலும், உயர்தரத்துக்கு வந்தபோது நிரப்பிய படிவத்திலும், தாயின் தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்றே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது படிவத்தில் ஒட்டிய புகைப்படத்துக்குக் கொடுத்த காசு உம்மா தொப்பி பின்னி உழைத்த காசு.

என் உம்மா குரோசே ஊசியால் தொழுகைத் தொப்பி பின்னுபவர். வாப்பாவின் ஊர் யாழ்ப்பாணம் சோனகதெரு. உம்மாவின் ஊர் மருதமுனை. மருதமுனை என்றதும் கைத்தறிச் சாரமும் சேலையும் நினைவுக்கு வராதவர்கள் நம்மில் இருக்கமாட்டார்கள். அங்கே தறியில் இருப்பவரைத்தான் நெசவாளி என்பார்கள். ஆனால் அவர் நாடாவைத் தட்டுவதற்கு முன்னால் நூலுக்குச் சாயம் போட வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். தார் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். உம்மா ஏழு வயதிலேயே இராட்டையின் முன்னால் உட்கார்ந்தவர். நூல் அறுந்தால் தெரியாமல் முடிச்சுப் போடும் வித்தை அந்த வயதிலேயே அவருடைய விரலுக்கு வந்துவிட்டது. சாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி தறிக்காரருக்கு. தார் சுற்றியவருக்கு அது "உதவி".

குரோசேப் பின்னல் உம்மாவுக்கு வந்தது வாப்பும்மாவிடமிருந்து, புத்தளத்தில். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பண்டத்தரிப்புக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கைப்பணிக் கண்காட்சியில் உம்மாவின் தொப்பிகளுக்குப் பக்கத்து மேசையில் பண்டத்தரிப்பிலிருந்து வந்த ஓர் அக்கா பனையோலைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். உம்மா அந்தப் பெட்டி மூடி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த வெள்ளை நூலால் அதன் விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை பூப் பின்னிக் காட்டினார். அன்றைக்கு அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துத் தொலைபேசி வந்தது. கனடாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருக்கும் ஒரு குடும்பம் பலகாரம் வைத்துக் கொடுக்க அறுபது மூடற்பெட்டிகள் கேட்டிருக்கிறார்களாம். மூடியில் அந்தப் பூ விளிம்பும் வேண்டுமாம். முப்பத்திரண்டு பெட்டி முடிந்துவிட்டது, இருபத்தெட்டு மிச்சம், திங்கட்கிழமை காலையில் கொடுக்க வேண்டும், "தங்கச்சி, சனி ஞாயிறு இரண்டு நாளும் வருவீங்களோ?"

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் உம்மாவும் நானும் புறப்பட்டோம். மானிப்பாய், சண்டிலிப்பாய் தாண்டிப் பண்டத்தரிப்புச் சந்தியில் இறங்கி, வேலிகளுக்கு நடுவே ஓடும் ஓர் ஒழுங்கையால் நடந்தோம். நான் உயர்தரத்தில் கணக்கீடு படிப்பவள். ஒரு பயிற்சிக் கொப்பியைப் பையில் வைத்திருந்தேன். பஸ்ஸில் படிக்கலாம் என்று எடுத்த கொப்பி அந்த இரண்டு நாளும் வேறு வேலைக்குப் பயன்பட்டது.

மாமர நிழலில் பாய் விரித்து எல்லோரும் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கார அக்கா, அவருடைய மகள், அயலில் இரண்டு மாமிமார், எல்லோருக்கும் மூத்த ஓர் ஆச்சி. உம்மாவுடன் ஆறு பேர். என்னைக் கண்டதும் ஆச்சி, "இந்தப் பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவோ வந்தது?" என்று கேட்டு ஒரு கட்டு ஓலையை என் மடியில் வைத்தார். ஏழாவது ஆளாக நானும் சேர்ந்தேன்.

பனையோலை வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பெட்டிக்கு முற்றிய ஓலை ஆகாது. குருத்தோலையும் சார்வோலையும்தான் வளைந்து கொடுக்கும். வெட்டிய ஓலையை வெயிலில் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, பின்பு சத்தகத்தால் ஒரே அளவாக வார வேண்டும். சத்தகம் என்பது ஓலை வேலைக்கென்றே இருக்கும் சிறிய கத்தி. ஓலை ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் ஒடுக்கமாகவும் வாரப்பட்டால் பெட்டி ஒரு பக்கம் சாயும். சில ஓலைகளைக் கொதிநீரில் சாயம் கரைத்து அவிப்பார்கள். இழைப்பதற்கு முன் ஈரத்துணியில் சுற்றிப் பதமாக வைக்க வேண்டும். காய்ந்த ஓலை மடிக்கிற இடத்தில் முறிந்துவிடும். அதனால்தான் பனி ஈரம் இருக்கிற காலை நேரத்தில் இழைக்க எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். பத்து மணி தாண்டி வெயில் ஏறினால் மாமி ஒருவர் நிமிடத்துக்கொரு தடவை விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டார்.

அடியை இழைத்து, நான்கு மூலை திருப்பி, சுவர் எழுப்பி, விளிம்பை நாரால் பொத்தி முடிப்பது ஒரு பெட்டி. அதே அளவில், ஆனால் ஒரு நூலிழை பெரிதாக, மூடி இழைக்க வேண்டும். மூடி இறுகினாலும் பிழை, தளர்ந்தாலும் பிழை. அக்காவின் மகள் பட்டதாரி. வேலை கிடைக்கும்வரை இழைக்கிறார். அவர் மூடியைப் பெட்டியில் வைத்து விட்டுவிடுவார். அது தானாக மெல்ல இறங்கி உட்கார்ந்தால் சரி என்று கணக்கு. அளவுகோல் ஒன்றும் அங்கே நான் காணவில்லை.

மூடியைத் தூக்குவதற்கு மேலே சின்னக் கயிற்று வளையம் ஒன்று வேண்டும். அந்தக் கயிறு ஆச்சியின் பொறுப்பு. பனைமட்டையிலிருந்து உரித்த நாரை ஊறவைத்து, பூணூல் அளவுக்கு மெல்லிதாகக் கிழித்து வைத்திருந்தார். இரண்டு இழையைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் முன்னுக்கு உருட்டுவார். பிறகு கையைப் பின்னுக்கு இழுப்பார். கயிறு பிறந்து வரும். எனக்கும் பழக்கினார்.

"இரண்டு இழையையும் தனித்தனிய ஒரு பக்கம் முறுக்கு பிள்ளை. பேந்து இரண்டையும் சேர்த்து மற்றப் பக்கம் சுத்த விடு. ஒவ்வொண்டும் தன்ர முறுக்கைக் கழட்டிக்கொண்டு ஓடத்தான் பாக்கும். அந்த இழுவையிலதான் ஒண்டை ஒண்டு இறுக்கிப் பிடிக்குது."

கேட்டுக்கொண்டிருந்த உம்மா தன் குரோசே நூலின் நுனியை எடுத்து நகத்தால் பிரித்துக் காட்டினார். அதற்குள்ளும் மெல்லிய இழைகள், ஒரு பக்கம் முறுக்கி மறுபக்கம் சேர்த்தவை. ஆச்சி அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "மெசினும் எங்களிட்டத்தான் படிச்சிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

உம்மாவின் பங்கு மூடியின் விளிம்பு. ஓலைக்கும் நாருக்கும் இடையிலே ஊசி நுழைய இடம் பார்த்து, ஓலை கிழியாமல் நூலை இழுத்து, ஐந்து கண்ணிக்கு ஒரு பூ. துணியில் பின்னுவது போல இழுத்தால் ஓலை வெடித்துவிடும். முதல் மூடிக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பத்தாவது மூடிக்கு அரை மணித்தியாலம். இதை எப்படிச் சரியாகச் சொல்கிறேன் என்றால், பத்து மணிப் பிளேன்ரீ வந்த நேரத்தில் நான் அந்தக் கொப்பியைத் திறந்து ஏழு நிரல் கீறியிருந்தேன். அந்தத் தவணையில் எங்களுக்குக் கிரயக் கணக்கீடு நடந்துகொண்டிருந்தது. நேர் மூலப்பொருள், நேர் கூலி, மேந்தலை என்று ஒரு கற்பனைக் கம்பனியின் கணக்கை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் ஓர் உண்மையான உற்பத்தி நடக்கும்போது அதைச் செய்து பார்க்காமல் இருக்க மனம் வரவில்லை. ஒவ்வொருவரும் வேலையில் உட்கார்ந்த நேரம், எழும்பிய நேரம் எல்லாவற்றையும் எழுதினேன். தேநீர், சாப்பாடு, தொழுகை எல்லாம் கழித்தேன். உம்மா எட்டிப் பார்த்து, "உன்ட நேரத்தையும் எழுது மகள். எழுதாத மணித்தியாலம் ஆருக்குத் தெரியும்?" என்றார்.

லுஹருக்கு நேரமானபோது அக்கா கிணற்றில் தண்ணீர் அள்ளித் தந்தார். ஆச்சி எழுந்துபோய் உள்ளிருந்து புதுப் பாயொன்றை எடுத்து வந்து விறாந்தையில் விரித்தார். "மேற்குப் பக்கம்தானே?" என்று கேட்டு, சற்றுச் சரித்தும் விட்டார். எப்படித் தெரியும் என்று உம்மா கேட்டார். முன்னொரு காலத்தில் சோனகதெருவிலிருந்து சைக்கிளில் பழைய இரும்பு வாங்க ஒரு நானா வருவாராம். வெயிலுக்கு இந்த மாமரத்தடியில்தான் இருப்பாராம், இந்த விறாந்தையில்தான் தொழுவாராம். "தொண்ணூறுக்குப் பிறகு அவர் வரேல்லை. நீங்கள் அறிவீங்களோ, அவர் எங்கயெண்டு?" என்று ஆச்சி கேட்டார். உம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அங்கேதான் வாப்பும்மாவின் கதையை உம்மா சொன்னார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டியிருந்தது. வாப்பும்மா நான்கு பிள்ளைகளுடன் புறப்பட்டார். வீட்டின் உறுதி பெட்டிக்குள் இருந்தது, பெட்டியை எடுக்க முடியவில்லை. பாவாடைக்குள் செருகிக்கொண்டு வந்தது குரோசே ஊசி ஒன்று. புத்தளத்தில் கிடுகுக் குடிசையில் இருந்தபோது பகலில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய், இரவில் லாம்பு வெளிச்சத்தில் தொப்பி பின்னினார். பிறகு மருதமுனையிலிருந்து மருமகள் வந்ததும் அவருக்கும் பழக்கினார்.

ஆச்சி கயிற்றை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் அதே திகதிதான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கணக்குப் பார்த்தேன். 1995 ஒக்டோபர் 30. சூரியக்கதிர் இராணுவ நடவடிக்கையின்போது வலிகாமம் முழுவதும் எழும்பி, மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன நாள். ஐந்து வருட இடைவெளியில் ஒரே திகதி. எங்கள் வீட்டில் முதலாவதைப் பற்றிக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அக்காவின் மகள் இரண்டாவதைப் பற்றிக் கேட்டு வளர்ந்திருக்கிறார். இரண்டையும் ஒரே பாயில் இருந்து கேட்டது அன்றுதான். எந்தத் துயரம் பெரியது என்று அங்கே யாரும் அளக்கவில்லை. ஆச்சி தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "நான் சத்தகத்தை மடியில கட்டிக்கொண்டு போனன். சாவகச்சேரியில பள்ளிக்கூடத்து வாங்கில படுத்து எழும்பினது. அங்கயும் பனை நிண்டது. பெட்டி இழைச்சுக் குடுத்து அரிசி வாங்கினன்."

உம்மாவின் தாய்க்கு நடந்தது வேறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மருதமுனைக் கரையை அழித்தபோது வீட்டோடு தறியும் போயிற்று. உயிர் தப்பிய உம்மம்மா ஒரு மாதத்துக்குள் வேறொருவர் வீட்டில் தார் சுற்றத் தொடங்கிவிட்டார். இராட்டை இரவல், கை சொந்தம்.

இந்த மூன்று பெண்களையும் பற்றி அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். காணி, வீடு, தறி எல்லாம் ஒரு நாளில் போகலாம் என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். போகாமல் நின்றது விரலுக்குள் இருந்த வேலை. கணக்கீட்டில் சொத்து என்பதற்கு நாங்கள் படிக்கும் வரைவிலக்கணத்தில், எதிர்காலத்தில் பயன் தரும் வளம் என்று வருகிறது. அப்படியானால் இது சொத்துத்தான். ஆனால் அந்தச் சொத்துக்கு விலை போடும்போது மட்டும் அவர்களுக்கு வாய் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை இன்னும் இறுகியது. பதினொரு பெட்டி மிச்சம். அக்கா எல்லோருக்கும் ஒடியற்கூழ் காய்ச்சியிருந்தார். மாதகல் கடல் மீனும் நண்டும் போட்ட கூழ். அதைப் பிளாவில் ஊற்றிக் குடித்துவிட்டு, பேச்சுக் குறைத்து, ஒரே மூச்சாக இருந்தோம். அஸர் தொழுதுவிட்டு வரும்போது கடைசி மூடி உம்மாவின் மடிக்கு வந்தது. நாலரை மணிக்கு அறுபது பெட்டியும் விறாந்தையில் ஆறு வரிசையாக இருந்தன. சிவப்பும் பச்சையும் ஓலையின் இயல்பு நிறமும், மேலே வெள்ளைப் பூ. ஆச்சி ஒவ்வொரு கயிற்று வளையத்தையும் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டு போனார்.

அப்போது நான் கொப்பியைக் கூட்டினேன். சனிக்கிழமை ஐம்பத்தேழு மணித்தியாலம், ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தைந்து. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. இருபத்தெட்டுப் பெட்டிக்கு வகுத்தால் பெட்டியொன்றுக்குச் சரியாக நான்கு மணித்தியாலம். ஓலை வெட்டிக் காயவைத்த நேரம் இதில் இல்லை. பேசிய விலை பெட்டிக்கு 350 ரூபா. ஓலை, சாயம், நூல் எல்லாம் 70 ரூபா. மிச்சம் 280 ரூபா நான்கு மணித்தியாலக் கூலி. ஒரு மணித்தியாலத்துக்கு 70 ரூபா. சந்திக் கடையில் ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கினால் அந்த மணித்தியாலம் போதாது.

வாசித்து முடித்ததும் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அக்கா, "உண்மைதான் பிள்ளை. ஆனா இதையெல்லாம் சேர்த்தா ஆர் வாங்குவினம்? கடையில பிளாஸ்ரிக் பெட்டி குவிஞ்சு கிடக்கு" என்றார். மாமி ஒருவர், "நாங்கள் சும்மா இருக்கிற நேரம்தானே" என்றார். அந்தச் சொல்லை அந்த இரண்டு நாளில் அப்போதுதான் கேட்டேன். இரண்டு நாளும் அங்கே சும்மா இருந்தவர் ஒருவரையும் நான் காணவில்லை.

அக்காவின் மகள் மட்டும், "அவை வரும்போது விலையைக் கூட்டிக் கேட்டால் என்ன? கனடாக் காசுதானே" என்றார். இதற்கு உம்மா சம்மதிக்கவில்லை. உம்மா அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் சூரத்துந் நஹ்லில் வரும் ஓர் உவமை அவருக்கு மிகவும் பிடிக்கும். நூலை நன்றாக முறுக்கி நூற்றுவிட்டு, பிறகு தானே அதைப் பிரித்துப் போடுகிற பெண்ணைப் போல இருக்கவேண்டாம் என்று அல்லாஹ் அங்கே எச்சரிக்கிறான். வாக்கை முறிப்பவர்களுக்குச் சொல்லப்பட்ட உவமை அது. உம்மா அதை அங்கிருந்தவர்களுக்கு விளங்கும்படி சொல்லிவிட்டு, "அறுபதுக்கு 350 எண்டு நாம சொன்னது. சொன்னது சொன்னதுதான். அடுத்ததுக்குப் புது விலை சொல்லுவம்" என்றார். ஆச்சி, "முறுக்கினதைக் கழட்டக் கூடாதுதான்" என்று தலையாட்டினார்.

உம்மா அப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்திய மாதம் ஒரு வியாபாரி இருபத்துநான்கு தொப்பிக்கு ஒன்று 900 ரூபா என்று பேசினார். பின்னி முடித்துக் கொண்டுபோனதும், "இப்ப சந்தை சரியில்லை" என்று 750 எண்ணித் தந்தார். உம்மா வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு தொப்பிக்குப் பதினொரு மணித்தியாலம், நூலுக்கு 180 ரூபா. கணக்குப் போட்டால் மணித்தியாலத்துக்கு 52 ரூபாவும் வரவில்லை. அந்த இரவு உம்மா ஒன்றும் பேசவில்லை, ஊசியையும் எடுக்கவில்லை. பிரித்துப் போடப்பட்ட நூலின் பக்கம் நின்றவருக்கு அந்த ஆயத்து எப்படிப் படும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

நூற்பவரின் மணித்தியாலத்தை எண்ண வேண்டும் என்ற யோசனை ஒன்றும் புதிதில்லை. 1927 நவம்பரில் மகாத்மா காந்தி இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் கூட்டங்களில் பேசினார். கதர் நிதிக்குப் பணம் சேர்ப்பது அந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. கைராட்டையில் நூற்கும் ஏழைப் பெண்களுக்குப் போகும் நிதி அது. ஆனால் கதர் மலிவாக இருக்கவேண்டும் என்பதற்காக நூற்பவருக்கு மிகக் குறைந்த கூலியே கொடுக்கப்பட்டு வந்தது. 1935இல் காந்தியே அதை எதிர்த்துப் பேசினார். எட்டு மணித்தியாலம் நூற்றால் எட்டணா, அதாவது மணிக்கு ஓரணா, கிடைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படிக் கொடுத்தால் கதர் விலை ஏறும், வாங்குவோர் குறைவர் என்று அவருடைய தொண்டர்களே அஞ்சினார்கள். கூலி ஒரேயடியாக அவ்வளவுக்கு உயரவில்லை. ஆனால் நூற்பவரின் வயிற்றில் அடித்து மலிவு காணக்கூடாது என்ற பேச்சு அன்றே எழுந்துவிட்டது. பண்டத்தரிப்பு விறாந்தையில் அக்கா கேட்ட அதே கேள்வியை அந்தத் தொண்டர்களும் கேட்டிருக்கிறார்கள்: விலை கூடினால் ஆர் வாங்குவினம்?

அதற்குப் பதில் கிடைக்க அன்று அரை மணித்தியாலம் போதுமாயிருந்தது. திங்கட்கிழமைக்குக் காத்திராமல் ஞாயிறு மாலையே மணப்பெண்ணின் சித்தி வாகனத்தில் வந்துவிட்டார். பெட்டிகளைக் கண்டதும் அவருக்குச் சந்தோசம். பேசிய காசை எண்ணிக் கொடுத்தார். பிறகு, கனடாவுக்குக் கொண்டுபோக இன்னும் இருபது வேண்டும் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். எட்டு மணித்தியாலம் இருந்தால் ஆயிரம் ரூபாவுக்குக் கிட்டவாவது வரவேண்டும் என்று மணிக்கு 120 ரூபா வைத்தோம். நான்கு மணித்தியாலம் 480, பொருள் 70, ஆக 550.

"இனி 550 அம்மா" என்று அக்கா சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. அந்தச் சித்தியின் முகமும் மாறியது. "முந்தி 350 தானே?" என்றார். அக்கா பதில் சொல்லாமல் என் கொப்பியை வாங்கி அவரிடம் நீட்டினார். ஏழு நிரல்களையும் அவர் மேலிருந்து கீழே விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒரு பெட்டிக்கு நாலு மணித்தியாலமோ?" என்று இரண்டு தடவை கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருபது வேண்டாம். பன்னிரண்டு செய்யுங்கோ" என்றார்.

வாகனம் போனதும் மாமிக்குக் கவலை. எட்டுப் பெட்டி போய்விட்டதே என்றார். நான் மீண்டும் கணக்கைச் செய்தேன். பழைய விலையில் இருபது பெட்டி என்றால் எண்பது மணித்தியாலம் இருக்க வேண்டும். பொருளுக்குப் போக மிஞ்சுவது 5,600 ரூபா. புது விலையில் பன்னிரண்டு பெட்டிக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலம். மிஞ்சுவது 5,760 ரூபா. முப்பத்திரண்டு மணித்தியாலம் குறைவாக இருந்து, நூற்றறுபது ரூபா கூடுதலாக எடுக்கப் போகிறார்கள். மாமி நம்பவில்லை. அக்காவின் மகள் தொலைபேசியில் தட்டிப் பார்த்து, சரி என்றார். "அப்ப அந்த முப்பத்திரண்டு மணித்தியாலத்தில நான் படுத்து எழும்பலாம்" என்றார் ஆச்சி. மீண்டும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சனிக்கிழமைச் சிரிப்பைவிட வேறு மாதிரி இருந்தது.

எப்போதும் இப்படிச் சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். உம்மா அந்த வியாபாரியிடம் போய், இனித் தொப்பி 1,300 ரூபா என்றார். பின்னுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. உண்மைதான், இருக்கிறார்கள். அவர்களும் நம் உம்மாமாரும் சாச்சிமாரும்தான், அவர்களுடைய மணித்தியாலத்தையும் யாரும் எழுதி வைப்பதில்லை. இப்போது உம்மா முன்னையவிடக் குறைவாகப் பின்னுகிறார். தெரிந்தவர்கள் நேரே வீட்டுக்கு வந்து வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் கை இறுகத்தான் செய்கிறது. ஆனாலும் விலையைச் சொல்லும்போது உம்மா நிலத்தைப் பார்ப்பதில்லை.

நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டவர்கள் என்று மதரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். கையுழைப்பின் சிறப்பைப் பேச்சுப் போட்டிகளில் நாங்கள் எவ்வளவோ பேசியிருக்கிறோம். தோழியரே, இந்த வார இறுதியில் ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் வீட்டில் தைப்பவர், பின்னுபவர், பாய் இழைப்பவர், பலகாரம் சுட்டுக் கடைக்குக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அவர் உட்கார்ந்த நேரத்தையும் எழும்பிய நேரத்தையும் இரண்டு நாளைக்கு எழுதிப் பாருங்கள். நாம் படிக்கும் கிரயக் கணக்கீட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. பெற்றோரே, பிள்ளை அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினால் சிரித்துவிடாமல் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

பன்னிரண்டு பெட்டிக்கான ஓலை இப்போது பண்டத்தரிப்பில் காய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மீண்டும் போகிறோம். வாப்பா சோனகதெருவில் மூத்தவர்களிடம் அந்த இரும்பு வாங்கும் நானாவைப் பற்றி விசாரித்து வருகிறார். இன்னும் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. ஆச்சியின் பேத்தி ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள், அவளும் இழைக்கப் பழக வருகிறாளாம். கொப்பியில் எட்டாவது நிரல் கீறி வைத்திருக்கிறேன்.